எனக்கு இருக்கறது ஒரே ஒரு மூஞ்சி

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை என் டிரஸ்ஸிங் டேபிள் டிராயர் திறக்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது. உள்ள ஏதோ ஒரு பாட்டில் நிமிர்ந்து நின்னுக்கிட்டு மேல் பலகைல முட்டுது, இழுத்தா ரெண்டு விரல் அளவு வருது, அதுக்கு மேல அசையல. ஸ்கேலை உள்ள விட்டுத் தட்டித் தட்டி அதைச் சாய்ச்சு, ஒரு வழியா டிராயரை முழுசா உருவி தரைல கவுத்தேன். அந்தச் சத்தத்துக்குத் தங்கச்சி ஓடி வந்து பார்த்துட்டு, "என்னக்கா, கடை போடப் போறியா?"ன்னு கேட்டா. எனக்கு ரோஷம் வந்துருச்சு, ஆனா பதில் வரல, ஏன்னா தரைல கிடந்ததைப் பார்த்தா நிஜமாவே கடை போடலாம் போலதான் இருந்துச்சு.

சரி எண்ணித்தான் பார்ப்போமேன்னு உக்காந்தேன். லிப்ஸ்டிக் 23. சீரம், அதான் மூஞ்சில சொட்டு விட்டுத் தேய்க்கறது, 9, அதுல 4 திறந்து பாதில நிக்குது, 3 சீல் கூட உடைக்கல. ஐ ஷேடோ பேலட் 5, அஞ்சுலயும் அந்த பிரவுன் ஒண்ணு மட்டும் குழி விழுந்திருக்கு, மத்த கலர் எல்லாம் வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியே பளபளன்னு இருக்கு. மஸ்காரா 3. ஃபவுண்டேஷன் 4, அதுல ஒண்ணுதான் என் கலருக்கு ஒத்து வரும், மீதி மூணும் அந்த ஒண்ணைத் தேடிப் போன வழில வாங்கினது. சாம்பிள் பாக்கெட்டுகளை எண்ணறதை பாதிலயே விட்டுட்டேன். எதுக்கு எவ்வளவு கொடுத்தேன்னு இங்க எழுத மாட்டேன், அம்மா இதைப் படிப்பாங்க. கூட்டிப் பார்த்தப்போ சில மாச வாடகை வந்துச்சு, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அதுல என்னை ரொம்ப வெட்கப்பட வெச்சது அந்த லிப்ஸ்டிக்தான். 23ஐயும் வரிசையா இடது கைல முழங்கைலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் கோடு கோடா இழுத்தேன். தங்கச்சியைக் கூப்பிட்டு, "இதுல எத்தனை கலர் இருக்குன்னு சொல்லுடி"ன்னேன். அவ குனிஞ்சு பார்த்தா, ஜன்னல் பக்கம் என் கையைத் திருப்பிப் பார்த்தா, அப்புறம் ரொம்பப் பாவமா, "ஆறு? இல்ல ஏழு இருக்கலாம்க்கா"ன்னா. இல்லடி, இது ரோஸ் கலந்த பிரவுன், இது பிரவுன் கலந்த ரோஸ், இது மேட், இது கொஞ்சம் ஷைன் அடிக்கும்னு நான் விளக்க ஆரம்பிச்சேன். பாதில எனக்கே சிரிப்பு வந்துருச்சு. ஒன்பது கோடு ஒரே கோடு மாதிரி இருக்கு. ஒவ்வொண்ணையும் வாங்கறப்போ "இந்த மாதிரி என்கிட்ட இல்லவே இல்ல"ன்னு சத்தியமா நம்பிதான் வாங்கினேன், அதுதான் கொடுமை. எனக்குப் பிடிச்ச கலர் ஒண்ணுதான், அதையே ஒன்பது தடவை வேற வேற பேர்ல வாங்கிருக்கேன்.

அப்போதான் அந்த தராசு ஐடியா வந்துச்சு. தங்கச்சி ரெசின் கிராஃப்ட் பண்றதுக்காக ஒரு குட்டி டிஜிட்டல் தராசு வெச்சிருக்கா, 0.01 கிராம் வரைக்கும் காட்டும், அதாவது 10 மில்லிகிராம். ஒரு லிப்ஸ்டிக்கை அதுல வெச்சு எடை பார்த்தேன், எடுத்து உதட்டுல ஒழுங்கா ஒரு கோட் போட்டேன், திரும்ப வெச்சேன். கடைசி நம்பர் ஒண்ணு குறைஞ்சுது. 0.01 கிராம். ரெண்டு மூணு தடவை பண்ணிப் பார்த்தேன், சில தடவை ஒண்ணு குறையுது, சில தடவை நம்பர் நகரவே இல்ல. அப்புறம் தேடிப் பார்த்தா, இதையே ஒழுங்கா ஆளுங்களை வெச்சு அளந்திருக்காங்க, ஒரு தடவை லிப்ஸ்டிக் போட சராசரியா 10 மில்லிகிராம்தான் ஆகுதாம். சாதாரண ஸ்டிக் லிப்ஸ்டிக் ஒண்ணுல சுமார் 3.5 கிராம் இருக்கும். அப்போ ஒரு லிப்ஸ்டிக்ல 350 தடவை போடலாம்.

இதை ஒரு பேப்பர்ல எழுதி கணக்குப் போட்டேன். நான் லிப்ஸ்டிக் போடறது வாரத்துல நாலு நாள், அதுவும் ஒரு தடவைதான். வருஷத்துக்கு 208 தடவை. 23 லிப்ஸ்டிக்னா 8,050 தடவை. வகுத்துப் பார்த்தா கிட்டத்தட்ட 39 வருஷம். ரிட்டயர் ஆகி உக்காந்த பிறகும் நான் இந்த டிராயரையே போட்டுக்கிட்டு இருக்கணும்! ஆனா லிப்ஸ்டிக் அவ்வளவு நாள் தாங்காது. என்கிட்ட இருந்த முக்காவாசிக்கு அடில 24ன்னு போட்டிருந்துச்சு, திறந்ததுலேர்ந்து ரெண்டு வருஷம். அந்த ரெண்டு வருஷத்துல நான் போடப்போறது 416 தடவை. அதாவது என் உதட்டால முடிக்கக்கூடியது ஒரு முழு லிப்ஸ்டிக்கும் அடுத்ததுல கொஞ்சமும்தான். மீதி 21 எதுக்கு? யாருக்கு? எனக்கு இருக்கறது ஒரு வாய்.

காசு பத்தி யோசிச்சப்போல்லாம் நான் திருந்தல. "ஒரு சின்ன சந்தோஷம், போயிட்டுப் போகுது, சம்பாதிக்கறோம்ல"ன்னு ஒரு பதில் எப்பவும் ரெடியா இருக்கும். அந்தப் பதில் தப்புன்னும் சொல்ல முடியாது. ஆனா கிராம் கணக்குக்கு முன்னாடி அந்தப் பதில் நிக்கல. என் சம்பளம் ஏறலாம், எனக்கு லாட்டரி கூட அடிக்கலாம், ஆனா என் மூஞ்சியோட பரப்பளவு ஏறாது. நாள் ஒண்ணுக்கு அது எடுத்துக்கற அளவு இவ்வளவுதான்னு ஒரு எல்லை இருக்கு, நான் அந்த எல்லையைத் தாண்டி எப்பவோ போயிட்டேன், போனதே தெரியாம.

அந்த 24ன்னு சொன்னேன்ல, அதைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா எனக்கு அது ரொம்ப நாள் தெரியாது. டப்பா பின்னாடி, மூடி திறந்த ஒரு குட்டி ஜாடி படம் இருக்கும், உள்ள 6 எம், 12 எம், 24 எம்னு போட்டிருக்கும். எம்னா மாசம். திறந்த நாள்லேர்ந்து அத்தனை மாசம்னு அர்த்தம், வாங்கின நாள்லேர்ந்து இல்ல. மஸ்காராவுக்கு மூணுலேர்ந்து ஆறு மாசம்தான், கண்ணுகிட்ட போற பிரஷ் திரும்பத் திரும்ப அதே ஈரமான டியூபுக்குள்ள போறதால கிருமி சீக்கிரம் சேரும். என்னோட மூணு மஸ்காராவுல ஒண்ணு எப்போ திறந்ததுன்னே ஞாபகம் இல்ல, மோந்து பார்த்தா பெயிண்ட் வாடை. விட்டமின் சி சீரம் இன்னும் மோசம். தண்ணி மாதிரி இருக்கும்போது வாங்கறோம், காத்தும் வெளிச்சமும் பட்டுப் பட்டு மஞ்சளாகி, அப்புறம் கருத்துப்போய் பிரவுன் ஆயிரும், அந்த நிலைமைல அதுல மிச்சம் இருக்கற சத்து ரொம்பக் கம்மி. டிராயரைத் திறக்க விடாம முட்டிக்கிட்டு நின்ன பாட்டில் இருக்கே, அது இதுதான். முக்காவாசி மிச்சம், நல்ல பிரவுன். பத்திரமா தீராம இருக்கணும்னு சொட்டு சொட்டா சிக்கனமா போட்டேன், அது தானாவே கெட்டுப்போச்சு.

இதெல்லாம் எப்படி வீட்டுக்குள்ள வந்துச்சுன்னு அப்புறம் ஆர்டர் ஹிஸ்டரியை எடுத்துப் பார்த்தேன். இதைச் செய்யறதுக்கு ஒரு தைரியம் வேணும், சொல்லிட்டேன். தேதியைப் பார்க்கறதுக்குப் பதிலா நேரத்தைப் பார்த்தேன். ராத்திரி 11:40, 12:15, 1:05. பகல்ல வாங்கினதை விரல் விட்டு எண்ணிரலாம். படுத்துக்கிட்டு போன்ல யாரோ ஒரு பொண்ணு மூஞ்சில ஒரு டிராப்பர்லேர்ந்து சொட்டு சொட்டா விட்டுத் தேய்ப்பா, பின்னாடி மெல்லிசா மியூசிக் ஓடும், கீழ லிங்க் இருக்கும், விரல் போகும். அந்தப் பொண்ணு போட்டிருக்கறது அஃபிலியேட் லிங்க், நான் வாங்கினா அவளுக்கு கமிஷன், அது அவ பொழப்பு, அதுல தப்பில்ல, ஆனா அவ மூஞ்சி பளபளன்னு இருக்கறதுல அந்த ரிங் லைட்டுக்கும் ஃபில்டருக்கும் எவ்வளவு பங்குன்னு ராத்திரி 12 மணிக்கு எனக்குத் தோணாது. கடைல நின்னு பர்ஸைத் திறந்து நோட்டை எண்ணிக் கொடுக்கறப்போ உள்ள ஒண்ணு சுருக்குன்னு குத்தும்ல, 1998ல பிரெலெக், லோவென்ஸ்டைன்னு ரெண்டு பேர் அதைப் பத்தியே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிருக்காங்க, காசு கொடுக்கற வலின்னு. கார்ட் வந்தப்போ அந்த வலி குறைஞ்சுது, கார்ட் நம்பரை ஆப்லயே சேவ் பண்ணி வெச்ச பிறகு அது இருந்த இடமே தெரியல. ஒரே கிளிக்ல வாங்கற முறைக்கு அமேசான் 1999லயே அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கி 2017 வரைக்கும் கைல வெச்சிருந்துச்சுன்னு படிச்சேன். வாங்கறதுக்கு நடுவுல திரைல வர்ற ஒரு பக்கம் குறையறது அவ்வளவு பெரிய சமாச்சாரம். எனக்கும் யோசிக்கறதுக்கு இருந்த நேரம் அந்த ஒரு பக்கம்தான் போல.

அதே ஹிஸ்டரில இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. வாங்கினதெல்லாம் கொத்து கொத்தா இருக்கு. ரெண்டு மாசம் ஒண்ணுமே இருக்காது, திடீர்னு ஒரே வாரத்துல நாலு ஆர்டர். காலண்டரை எடுத்து வெச்சு ஒத்துப் பார்த்தேன். ஒரு கொத்து, ஆபீஸ்ல எனக்கு வர வேண்டிய புரமோஷன் வேற ஒருத்தருக்குப் போன வாரம். இன்னொண்ணு, ஒரு நெருங்கின சிநேகிதிகூட சண்டை போட்டு பேச்சு நின்ன சமயம். எஸ்டீ லாடர்ங்கற மேக்கப் கம்பெனியோட தலைவர் லெனார்ட் லாடர் 2001ல ஒண்ணு சொன்னாரு, நாட்டுல பொருளாதாரம் படுத்தா லிப்ஸ்டிக் விற்பனை ஏறுதுன்னு, பெரிய செலவு பண்ண முடியாதவங்க சின்னதா ஒண்ணு வாங்கி மனசைத் தேத்திக்கறாங்கன்னு. அது நாட்டுக்குப் பொருந்துமா பொருந்தாதான்னு பொருளாதாரம் படிச்சவங்க இன்னும் அடிச்சுக்கறாங்க, எனக்கு அதைப் பத்தித் தெரியாது, ஆனா ஒரு மனுஷிக்குப் பொருந்துது, ஆதாரத்தோட சொல்றேன். அந்தப் புரமோஷன் வார லிப்ஸ்டிக் மூணும் டிராயர்ல இருந்துச்சு. மூணும் அந்த ஒன்பதுல சேர்ந்ததுதான்.

சீரம் கதை வேற. அது சோகத்துல வாங்கினது இல்ல, "அறிவு" வந்து வாங்கினது. லிப்ஸ்டிக் வாங்கறப்போ கொஞ்சம் குத்த உணர்ச்சியாவது இருக்கும், சீரம் வாங்கறப்போ என்னவோ மருந்து வாங்கற மாதிரி, உடம்பைப் பார்த்துக்கற மாதிரி ஒரு பெருமை. அதனாலயே அதுல போன காசு அதிகம். அப்புறம்தான் உள்ள என்னென்ன கலந்திருக்குன்னு டப்பா பின்னாடி இருக்கற பொடி எழுத்தைப் படிக்கக் கத்துக்கிட்டேன். எது அதிகமா இருக்கோ அது முதல்ல, அப்படியே இறங்கு வரிசைல வரணும், ஆனா 1 சதவீதத்துக்குக் கீழ இருக்கறதை எல்லாம் கம்பெனிக்காரங்க இஷ்டத்துக்கு எப்படி வேணா அடுக்கிக்கலாம். ஃபீனாக்ஸிஎத்தனால்னு கெட்டுப்போகாம இருக்கப் போடற ஒரு பொருள் நிறைய டப்பால இருக்கும், ஐரோப்பாவுல அதுக்கு அதிகபட்சம் 1 சதவீதம்தான் அனுமதி, அதனால அந்த விதிக்கு உட்பட்ட டப்பால அதுக்குப் பின்னாடி வர்றது எல்லாம் 1 சதவீதமோ அதுக்கும் கம்மியோதான். என் சீரம் ஒண்ணுல முன்னாடி பெருசா ஒரு பூ படம், அந்தப் பூவோட சாறு பின்னாடி லிஸ்ட்ல கடைசிக்கு முன்னாடி நின்னுச்சு, வாசனைக்குப் போட்ட பொருளுக்கும் கீழ. கம்மியா இருந்தாலே வேலை செய்யாதுன்னு இல்ல, ரெட்டினால்னு விட்டமின் ஏ வகைல ஒண்ணு இருக்கு, அதெல்லாம் அரை சதவீதம் இருந்தாலே போதும். ஆனா பூ படத்துக்குத்தான் நான் காசு கொடுத்திருக்கேன்.

கொலாஜன், அதாவது தோலை இறுக்கமா வெச்சிருக்கற புரதம், அதைப் போட்ட கிரீம் இன்னும் நல்ல கதை. தோல் வழியா உள்ள போகணும்னா அந்த மூலக்கூறோட எடை சுமார் 500 டால்டனுக்குக் (மூலக்கூறு எடையை அளக்கற அலகு) கீழ இருக்கணும்னு 2000ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைல எழுதினாங்க, தோல் டாக்டருங்க இன்னமும் அதைச் சொல்றாங்க. கொலாஜன் மூலக்கூறு ஒண்ணு சுமார் 3 லட்சம் டால்டன். சந்துக்குள்ள லாரியை விடற மாதிரி. அது மேலயே படிஞ்சு ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், அதனால தோல் மெத்துன்னு இருக்கும், சரிதான், ஆனா அந்த வேலையை சாதாரண மாய்ஸ்சரைசரே பண்ணிரும். 1872ல பேட்டன்ட் ஆன வாசலின் இருக்கே, பெட்ரோலியம் ஜெல்லி, தோல்லேர்ந்து ஈரம் வெளிய போகாம தடுக்கறதுல இன்னைக்கும் அதை அடிச்சுக்க ஆள் இல்ல. ஆனா அதுக்கு யாரும் டிராப்பர் வெச்சு வீடியோ எடுக்க மாட்டாங்க, பார்க்க அழகா இருக்காது.

லேபிள்ல "ஹைப்போஅலர்ஜெனிக்"னு, அதாவது அலர்ஜி வர வாய்ப்பு கம்மின்னு, போட்டிருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு நம்புவேன். அமெரிக்காவுல மருந்து, மேக்கப் எல்லாத்தையும் கண்காணிக்கற அரசு அமைப்பு எஃப்டிஏ 1975ல அந்த வார்த்தையைப் போடணும்னா சோதிச்சு நிரூபிக்கணும்னு விதி கொண்டு வந்துச்சு, கம்பெனிங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 1977ல அந்த விதி செல்லாதுன்னு தீர்ப்பு. அதுக்கப்புறம் அங்க அந்த வார்த்தைக்குச் சட்டப்படி ஒரு அளவுகோலே இல்ல.

இவ்வளவு விவரம் தெரிஞ்ச மாதிரி பேசறேன்ல, இதெல்லாம் அடிபட்ட பிறகு வந்த ஞானம். அந்த ஒன்பது சீரத்தையும் எப்படியாவது தீர்க்கணும்னு ஒரு வெறில, காலைல விட்டமின் சி, ராத்திரி தோலோட பழைய மேல் படலத்தை உரிக்கற ஒரு ஆசிட், அது மேல ரெட்டினால், வாரத்துக்கு ரெண்டு நாள் ஸ்க்ரப்னு டைம்டேபிள் போட்டேன். காசு போட்டு வாங்கினது வீணாகக்கூடாதுல்ல! மூணாவது வாரம் மூக்கு ரெண்டு பக்கமும் செவந்து தோல் உரிஞ்சு, வெறும் தண்ணி பட்டாலே எரிச்சல், சிரிச்சா கன்னம் இழுக்குது. தோல் டாக்டர்கிட்ட போனேன், வயசானவங்க, நிதானமா பேசறவங்க. என்னென்ன போடறேன்னு கேட்டாங்க. நான் போன்ல லிஸ்ட் எழுதி வெச்சிருந்தேன், படிக்க ஆரம்பிச்சேன், ஆறாவதுக்கு வந்தப்போ கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. "ஏம்மா, இது மூஞ்சியா இல்ல லேபா?"ன்னாங்க. எல்லாத்தையும் நிறுத்திட்டு மைல்டா ஒரு கிளென்சர், ஒரு மாய்ஸ்சரைசர், பகல்ல சன்ஸ்கிரீன், ஆறு வாரத்துக்கு வேற எதையும் தொடக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்தாங்க. தோலோட மேல் அடுக்கு இருக்கறதே உள்ள ஈரத்தைப் பிடிச்சு வைக்கவும் வெளிய இருக்கறதை உள்ள விடாம தடுக்கவும்தான், நீ காவக்காரனையே அடிச்சு விரட்டிட்டேன்னு சொன்னாங்க. தோல் அடிலேர்ந்து புதுசா மேல ஏறி வர கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆகுமாம், வயசு ஏற ஏற அதுக்கும் மேல. அதனால ஒரு வாரத்துல ரிசல்ட்னு போட்டிருக்கறதைப் பார்த்தா இப்போ எனக்குச் சிரிப்பு வரும்.

ஆறு வாரத்துல சரியாச்சு. சரியானதுகூட பெருசில்ல, அந்த ஆறு வாரமும் மூணே டப்பாதான், என் மூஞ்சி அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷத்துல இருந்ததை விட நல்லா இருந்துச்சு. அம்மா வேற, "இப்போ என்ன புதுசா போடற, நல்லா இருக்கே"ன்னாங்க. என்ன பதில் சொல்ல?

ஆனா இதுல ஒரு தலைகீழ் விஷயம் இருக்கு, எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. சன்ஸ்கிரீன். அந்த டிராயர்ல எல்லாமே அளவுக்கு மேல, சன்ஸ்கிரீன் மட்டும் ஒண்ணே ஒண்ணு, 50 மில்லி, ஏழு மாசமா ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஏழு மாசம் வருதே, பரவால்லயேன்னு அதுல எனக்கு ஒரு சந்தோஷம் வேற. எஸ்பிஎஃப்னு டப்பால ஒரு நம்பர் இருக்கும்ல, வெயில்லேர்ந்து எவ்வளவு காக்கும்னு சொல்றது, அதைச் சோதிக்கறப்போ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம்னு கணக்கு வெச்சுப் பூசுவாங்க. மூஞ்சிக்கு மட்டும் பார்த்தா சுமார் கால் டீஸ்பூன் வரும், ஒண்ணேகால் மில்லி. தினம் அப்படிப் போட்டா 50 மில்லி 40 நாள்ல தீர்ந்துரணும். நான் 210 நாள் ஓட்டிருக்கேன்! அப்போ டப்பால போட்டிருக்கற எஸ்பிஎஃப் 50 எல்லாம் என் மூஞ்சில கிடையவே கிடையாது, அதோட நிழல்தான் இருந்திருக்கும். சிக்கனம் காட்டக் கூடாத ஒரே இடத்துல சிக்கனம், அதுவும் மங்கு வராம இருக்க உதவற பொருள்ல, அப்புறம் அந்த மங்கைப் போக்க மூணு சீரம். இப்போ எனக்கு இதுல செலவு முன்னைவிட அஞ்சு மடங்கு. கவனமா செலவு பண்றதுன்னா எல்லாத்துலயும் கையைச் சுருக்கறதுன்னு நான் நினைச்சிருந்தேன், இந்த விஷயத்துல நேர் எதிரா ஆகிப்போச்சு.

அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் உடனே மாறிட்டேன்னு நினைக்காதீங்க. முதல் வேலையா என்ன பண்ணேன் தெரியுமா, இதையெல்லாம் ஒழுங்கா அடுக்கணும்னு அக்ரிலிக்ல அடுக்கு அடுக்கா ஒரு ஆர்கனைசர் ஆர்டர் பண்ணேன். அது வந்ததும் லிப்ஸ்டிக்கை எல்லாம் செருகினேன், 24 குழி, 23 லிப்ஸ்டிக், ஒரு குழி காலி. அந்தக் காலிக் குழி என்னை என்னமா உறுத்துச்சுங்கறீங்க! ஒரு வாரம் அதைப் பார்த்துப் பார்த்து, கடைசில தங்கச்சி ஒரு பேனாவை அதுல செருகிட்டுப் போனா.

இப்போ பண்றது சில சின்ன வேலைங்கதான். எதைத் திறந்தாலும் அடில ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டி திறந்த தேதியை எழுதிருவேன். ஆப்ல சேவ் பண்ணி வெச்ச கார்டை எடுத்துட்டேன், வாங்கணும்னா எழுந்து போய் பையைத் திறந்து கார்டை எடுத்து 16 நம்பரையும் அடிக்கணும், பாதி நாள் போர்வைக்குள்ளேர்ந்து எழுந்துக்க சோம்பலாவே வாங்காம தூங்கிருவேன், என் சோம்பேறித்தனம் எனக்கு இப்படி உதவும்னு நினைச்சே பார்த்ததில்ல. எது வேணும்னு தோணினாலும் ஒரு நோட்டுல தேதியோட எழுதிட்டு 30 நாள் விட்டுருவேன். எட்டு மாசத்துல அந்த நோட்டுல 31 எழுதிருக்கேன், அதுல 30 நாள் கழிச்சும் வேணும்னு தோணினது 5. மத்ததுல சிலது என்னன்னே ஞாபகம் இல்ல, "பச்சை மூடி, பீச் வாசனை"ன்னு எழுதிருக்கேன், என்னது அது? ப்ராஜெக்ட் பான்னு ஒண்ணு இருக்கு, பவுடர் டப்பாவோட அடித் தகடு தெரியற வரைக்கும் அதையே தீர்க்கறது, அதுவும் பண்றேன். சீல் உடைக்காத மூணு சீரத்துல ரெண்டு தெரிஞ்சவங்களுக்குப் போயிருச்சு, தேதி பார்த்துதான் கொடுத்தேன்.

இதைப் பத்திப் பேசினா உடனே ஒரு கூட்டம் வரும், "அதான், பொண்ணுங்க மேக்கப்புக்கே சம்பளத்தை அழிக்கறாங்க"ன்னு. அவங்ககிட்ட எனக்குப் பேச ஒண்ணும் இல்ல. வருஷத்துக்கு ஒரு போன் மாத்தறவங்களை யாரும் உக்கார வெச்சு அட்வைஸ் பண்றதில்ல. அழகுபடுத்திக்காம வந்தாலும் "என்ன, உடம்பு சரியில்லையா"ன்னு கேக்கறதும் இதே கூட்டம்தான். எனக்கு லிப்ஸ்டிக் பிடிக்கும், இப்பவும் பிடிக்கும், காலைல கண்ணாடி முன்னாடி நின்னு அந்த ஒரு இழுப்பு இழுக்கறப்போ நாள் ஆரம்பிச்ச மாதிரி இருக்கும். அதை விடறதுக்கு நான் இதை எழுதல. ஒன்பது டப்பா இருந்தப்போ எதைப் போடறதுன்னு குழம்பி அந்த இழுப்பையே அவசரமாதான் பண்ணுவேன்.

சறுக்கலும் இருக்கு. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு சேல்ல, ஃப்ரீ டெலிவரிக்குக் கொஞ்சம் குறையுதேன்னு ஒரு ஐலைனரைச் சேர்த்து வாங்கினேன். டெலிவரிக்கு ஆகறதை விட ஐலைனர் விலை ஜாஸ்தி. தெரிஞ்சேதான் பண்ணேன். பச்சை கலர். அதுக்கு ஸ்டிக்கர் ஒட்டிருக்கேன், வேற என்ன பண்ண.

அந்த ஒன்பதுல எனக்கு ரொம்பப் பிடிச்சதை மட்டும் வெளிய வெச்சுக்கிட்டு எட்டு மாசமா அதையே போட்டுக்கிட்டு இருக்கேன். போன வாரம் ஸ்டிக் குழாயோட விளிம்புக்குச் சமமா வந்துருச்சு, இப்போ ஒரு சின்ன பிரஷ்ஷை விட்டு உள்ளேர்ந்து எடுத்துதான் போடறேன். வாழ்க்கைல ஒரு லிப்ஸ்டிக்கோட அடியை நான் பார்க்கப் போறது இதுதான் முதல் தடவை. நேத்து தராசுல வெச்சு, அதே மாதிரி வேற ஒரு காலிக் குழாயோட எடையைக் கழிச்சுப் பார்த்தேன், அந்தக் குழாய் எப்படிக் கிடைச்சுதுன்னு கேக்காதீங்க, பழைய ஒண்ணைத் தோண்டிக் கழுவினேன். 0.62 கிராம் மிச்சம். 62 தடவை. தங்கச்சி எட்டிப் பார்த்துட்டு, "தீர்ந்ததும் என்னக்கா வாங்குவ?"ன்னு கேட்டா. அதே மாதிரி இன்னும் எட்டு உள்ள இருக்குடின்னேன். "இல்ல, இதே வேணும்னா?"ன்னா. நோட்டை எடுத்து அந்த லிப்ஸ்டிக் பேரை எழுதி, பக்கத்துல இன்னைக்குத் தேதியைப் போட்டு வெச்சிருக்கேன்.